இல்லாதவர் பெயரில் வந்த அச்சுத்தாள்கள்

நூலகக் கூட்டமைப்பில் நீங்கள் வேலை பார்க்கும் அறைக்குப் போன மாதம் வந்திருந்தேன். ஜன்னல் இல்லாத, குளிரூட்டிய அறை. ஆளுக்கு இரண்டு திரைகள். எந்தப் பல்கலைக்கழகம் எந்த மின்னிதழை எத்தனை முறை திறந்தது என்று ஒரு திரையில் கோடுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. உங்களில் ஒருவர் கேட்டார்: "மேடம், உங்க காலத்துல கூட்டுச் சந்தாவெல்லாம் எப்படிப் பண்ணீங்க?" பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கேட்டவருக்குக் கடன்பட்ட மாதிரி ஓர் உறுத்தல். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒப்பந்தம் படிப்பது, விலை பேசுவது எல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். நான் சொல்லப்போவது ஒரு பொய்யைப் பற்றி. சின்னப் பொய்தான். நான் சொன்னது.

எண்பதுகளின் தொடக்கம். தனித்தனியாகக் கட்ட முடியாத சந்தாவைச் சேர்ந்து கட்டிய எங்கள் கூட்டில் ஐந்து நூலகங்கள். சென்னையில் ஒரு பல்கலைக்கழக நூலகம், வெளியூர்க் கல்லூரிகள் மூன்று, பிறகு பழவேற்காட்டில் ஏரியை ஆராய்வதற்கென்று இருந்த ஒரு சிறிய நிலையம். அந்த நிலையத்தின் நூலகர் நான். நூலகம் என்றால் இரண்டு அலமாரி, ஒரு மேசை, உப்புக்காற்றில் துருவேறிய ஒரு தட்டச்சுப்பொறி. ஐந்து பேருக்கும் பொதுவான ஒருங்கிணைப்பாளர் வேண்டும் என்றபோது பெரிய நூலகங்கள் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்கவில்லை. எங்களைப் பார்த்து யாருக்கும் பொறாமை இல்லை. அப்படி அந்தப் பொறுப்பு என் மேசைக்கு வந்தது.

நாங்கள் கூட்டாக வாங்கியது காந்த நாடா. தட்டு அகலத்துக்கு ஒரு சுருள். மீன், கடல், நீர்நிலை பற்றி உலகெங்கும் வெளியான கட்டுரைகளின் விவரம் அதில் பதிந்து, மாதாமாதம் விமானத் தபாலில் வரும். சென்னையில் ஒரு கணிப்பொறி மையத்தில் அதை ஓட்டுவோம். எந்த ஆய்வாளருக்கு எதில் அக்கறை என்று ஒரு படிவத்தில் முன்பே எழுதிக் கொடுத்திருப்போம். இயந்திரம் அதோடு ஒப்பிட்டு, அவருக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி, ஓரத்தில் துளையிட்ட அகலத் தாளில் அவர் பெயர் போட்டு அச்சடித்துத் தரும். ஒப்பந்தப்படி ஐந்து நூலகங்களுக்கும் சேர்த்து ஐம்பது படிவங்கள்தான். ஐம்பத்தோராவது ஆளுக்கு இடமில்லை.

நான் பத்துப் பத்தாகப் பிரித்தேன். அதைவிட நியாயமான பங்கீடு இருக்க முடியாது என்று அப்போது நினைத்தேன்.

ஒருமுறை சுருள் சென்னைக்குப் போகாமல் தவறிப்போய் எங்கள் ஊருக்கு வந்துவிட்டது. பொன்னேரி பேருந்தில், நண்டுக் கூடைகளுக்கு நடுவே, மடியில் துண்டு சுற்றி வைத்துக்கொண்டு போனேன். கணிப்பொறி மையத்தில் இருந்த அதிகாரி பெட்டியைத் திறந்ததும் முகர்ந்து பார்த்தார். "தலைப்புக்கு ஏத்த வாசனைதான்" என்றார். அவரிடம் அந்த வேலையில் நான் கற்றது நிறைய. அன்று அவர் வேறொன்றும் சொன்னார். "இந்த இயந்திரத்துக்குக் கேள்வி கேட்டவர் யாருன்னு தெரியாதும்மா. இருக்காரா இல்லையான்னும் தெரியாது. அதைப் பார்க்க வேண்டியது நீங்க." நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். புரிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஒவ்வொரு அச்சுத்தாளோடும் ஓர் அட்டை வைத்து அனுப்புவோம். பயன்பட்டதா, பயன்படவில்லையா என்று குறித்து அனுப்ப வேண்டும். நான்கு இடங்களிலிருந்து அட்டைகள் கொஞ்சமாவது வந்தன. ஒரு கல்லூரியிலிருந்து மட்டும் மாதத்துக்கு இரண்டு அட்டை, அதே இரண்டு கையெழுத்தில். மீதி எட்டுப் பேர் வாயே திறக்கவில்லை.

அந்தக் கல்லூரி நூலகர் எங்களில் மூத்தவர். வெள்ளை வேட்டி, தங்கநிறப் பேனா, சுருக்கமான பேச்சு. அவரிடம் போய் உங்கள் எட்டுப் பேர் எங்கே என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் கோபித்துக்கொண்டு விலகினால் ஐந்து நான்காகும். ஐந்துக்குக் குறைந்தால் ஒப்பந்தமே செல்லாது. இந்தக் கூட்டைச் சேர்க்கவே ஒன்றரை வருடம் அலைந்திருந்தேன். நிதி தந்த குழுவுக்கு ஆண்டறிக்கை எழுதும்போது, அந்தக் கல்லூரியின் பெயருக்கு எதிரே 'பயன்பாடு நிறைவளிக்கிறது' என்று தட்டச்சு செய்தேன். அடுத்த வருடமும் அதையே செய்தேன். இரண்டாவது தடவை விரல் தயங்கக்கூட இல்லை.

இனி ஹாஜிராவைப் பற்றி.

பழவேற்காட்டில் பல தலைமுறையாக வியாபாரம் செய்துவந்த ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பெண். அவள் தந்தை இறாலும் கருவாடும் வாங்கி வெளியூருக்கு அனுப்புகிறவர். அந்தத் தெருவில் முதுகலை முடித்த முதல் பெண் அவள்தான் என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் நிலையத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தாள். கடலில் பிறக்கும் மடவை மீன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக எப்போது ஏரிக்குள் வருகின்றன என்பது அவள் கேள்வி.

அதற்கு அவள் பிடித்த வழி எனக்கு ஏதோ கனவில் கேட்ட கதைபோல் இருந்தது. மீனின் தலைக்குள் காதுக்கல் என்று ஒன்று உண்டு. குஞ்சு மீனுக்கு அது மணல் அளவுதான். நுண்ணோக்கியில் வைத்தால் மரத்தை அறுத்த இடம் மாதிரி வளையங்கள் தெரியும். நாளுக்கு ஒரு வளையம். எண்ணினால் அந்தக் குஞ்சு எத்தனை நாள் முன்பு பிறந்தது என்று சொல்லிவிடலாம்.

"தெனமும் ராவுல ஒரு கோடு போட்டுக்குதுக்கா. யாரும் சொல்லித்தரல. அதுபாட்டுக்கு எழுதி வச்சிக்கினே வருது" என்பாள்.

ஓர் ஆடி மாதத்தில் என் மேசைக்கு வந்து கேட்டாள். "எனக்கும் ஒரு படிவம் போட முடியுமாக்கா? இதே மாதிரி வேற யாராச்சும் எண்ணிப் பாத்திருக்காங்களானு தெரிஞ்சா நல்லாருக்கும்."

நிலையத்தின் பத்து இடங்களும் நிரம்பியிருந்தன. "இடம் இல்லையே ஹாஜிரா. யாராவது விட்டா உனக்குத்தான்" என்றேன்.

"சரிக்கா" என்று போய்விட்டாள். அடுத்த ஆடியிலும் கேட்டாள். அப்போதும் அதே பதில். இரண்டாவது மழைக்காலமும் முடிவதற்குள், இரண்டு பருவம் முகத்துவாரத்தில் இடுப்பளவு நீரில் நின்று, கொசுவலைத் துணியால் குஞ்சுகளை அள்ளி, நூற்றுக்கணக்கான கற்களை எடுத்து எண்ணி வைத்துவிட்டாள்.

அந்த வருடம் பங்குனியில் கூட்டின் ஆண்டுக் கூட்டத்தை எங்கள் நிலையத்தில் வைத்தோம். எங்களுக்கு நான்கு படிவங்கள் கூடுதலாக வேண்டும், யாராவது விட்டுத்தர முடியுமா என்று கேட்டேன். ஒவ்வொருவராக உதட்டைப் பிதுக்கினார்கள். மூத்தவர் தங்கநிறப் பேனாவை மூடினார்.

"எங்க பத்தும் நிறைஞ்சிருக்கு. ஒண்ணுகூட தர்றதுக்கில்ல."

என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. பயன்பாடு நிறைவளிக்கிறது என்று இரண்டு வருடமாக எழுதிக்கொடுத்தவளே நான்தானே.

கூட்டம் காலை ஒன்பதரைக்கே முடிந்துவிட்டது. வந்தவர்களுக்கு ஏரியைக் காட்டலாம் என்று நிலையத்தின் படகில் லைட்ஹவுஸ் குப்பத்துப் பக்கம் கிளம்பினோம். படகோட்டி ஏழுமலை அந்தக் குப்பத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். கழியை ஊன்றித் தள்ளுவதில் ஒரு சோம்பலான அழகு இருக்கும். ஹாஜிராவும் குஞ்சு பிடிக்கும் துணியோடு ஏறிக்கொண்டாள். பங்குனியில் ஏரி வற்றத் தொடங்கிவிடும். முகத்துவாரத்தில் பாதிக்கு மணல் அடைத்திருந்தது. பாதி வழியில் படகு மெல்ல முனகிவிட்டு நின்றது.

ஏழுமலை கழியால் குத்திப் பார்த்தார். "தண்ணி இல்லமா. சேறுதான் கீது."

"இறங்கித் தள்ளலாமா?" என்றார் ஒரு நூலகர்.

"எறங்குனா தொட வரிக்கும் உள்ள போயிடுவீங்க சார். இன்னா அவசரம்? கடக்காத்து வந்தா தண்ணி ஏறும். தானா மெதக்கும்."

"எப்ப வரும்?"

"வரும் சார்" என்றார் ஏழுமலை. கழியைப் படகுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அந்த மூன்று மணி நேரத்தை இப்போது நினைத்தாலும் விழித்திருந்தேனா என்று சந்தேகமாக இருக்கிறது. வானமும் ஏரியும் ஒரே வெள்ளை. ஒன்று எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு மட்டும் கிடந்தது. பூநாரைகள் என்று ஹாஜிரா சொன்ன பிறகுதான் அதற்குக் கால்கள் முளைத்தன. கலங்கரை விளக்கம் அடியில்லாமல் காற்றில் நின்றது. எங்கோ ஒரு படகில் யாரோ இருமுவது பக்கத்தில் கேட்டது. மற்ற மூன்று நூலகர்களும் துண்டால் தலையை மூடிக்கொண்டு ஒருவர்பின் ஒருவராகக் கண்ணயர்ந்தார்கள்.

ஹாஜிரா படகின் ஓரமாகத் துணியை இழுத்து நாலைந்து குஞ்சுகளை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்தாள். மூத்தவர் குனிந்து பார்த்தார். வெள்ளி ஊசிகள்போல் அவை ஒரே பக்கம் திரும்பி நின்றன. காதுக்கல்லைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல, அவர் முகத்தில் ஏதோ தளர்ந்தது.

"நாளுக்கு ஒரு வளையமா?" என்றார் இரண்டு தடவை. பிறகு கேட்டார்: "இதைப் பத்தி வேற யாராவது எழுதியிருக்காங்களாம்மா?"

"தெரியாது சார். கேட்டுப் பாக்க எடம் இல்லனு சொல்லிட்டாங்க."

குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டு, சற்றுத் தள்ளி உறுதியான தரை இருக்கிறது என்று, கழியால் குத்திப் பார்த்துக்கொண்டே முன்னால் போன ஏழுமலையின் பின்னால் இறங்கி நடந்தாள். கணுக்கால் நீரில் இரண்டு பேரும் சின்னதாகிக்கொண்டே போனார்கள்.

மூத்தவர் வெகுநேரம் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, என்னைப் பார்க்காமலே பேசினார்.

"எங்க பத்துல ரெண்டு பேர்தான் இருக்காங்க."

குவளை சாயாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.

"நாலு பேர் ஓய்வு. மூணு பேருக்கு இதுல அக்கறை இல்ல, நானே பேர் எழுதிப் போட்டேன். ஒருதடவை விட்டுட்டா திரும்பக் கிடைக்காதுன்னு பயம். எங்க கல்லூரிக்கு என்னிக்குமே எதுவும் முதல்ல வந்ததில்லம்மா."

"எட்டாவது ஆள்?"

"தாவரவியல் பேராசிரியர். கடல்பாசி பத்திப் படிச்சவர். முதல் தாள் வந்த அன்னிக்கு அதை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு என் அறைக்கு ஓடி வந்தார். 'உலகமே எனக்குக் கடிதம் போட்டிருக்கு பாருய்யா'ன்னார். மூணாவது மாசம் இறந்துட்டார். அவர் பேரை எடுக்கணும்னு படிவத்தை எடுப்பேன். எடுத்த இடத்துலயே வச்சிடுவேன். மாசாமாசம் அவர் பேர் போட்டுக் கட்டு வருது. பிரிக்காம அவர் மேசை மேல வைக்கிறேன். அவ்வளவுதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தண்ணீரில் அசைவே இல்லை.

அங்கே நான் சும்மா இருந்திருக்கலாம். தவறு அவருடையது என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. ஆனால் அந்த வெளிச்சத்தில் ஒளிந்துகொள்ள இடமில்லாத மாதிரி இருந்தது.

"எனக்கு முன்னாடியே தெரியும் சார்" என்றேன். "அட்டை வராததைக் கவனிச்சேன். கேட்டா நீங்க விலகிடுவீங்கன்னு, நிறைவா இருக்குன்னு அறிக்கையில எழுதிட்டேன். ரெண்டு வருஷமும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. தன்னைத் தடுக்க ஒருவர் இருக்கிறார் என்று அவர் நம்பியிருந்தார் போலும்.

தூங்கிக்கொண்டிருந்த மூவரில் ஒருவர், துண்டை முகத்திலிருந்து எடுக்காமலே, "எங்கள்லயும் ரெண்டு காலிதான்" என்றார். இன்னொருவர், "ஒருத்தர் வெளிநாடு போய் ஒரு வருஷமாச்சு" என்றார். யார் எப்போது விழித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. மூத்தவர் கூட்டத் தாளைத் திருப்பி, முழங்கால்மேல் வைத்து, பெயர்களை எழுதத் தொடங்கினார். பதினோரு பெயர்கள். கடைசிப் பெயரை எழுதுமுன் பேனா சற்று நின்றது.

ஹாஜிரா இன்னும் தூரத்தில் துணியை இழுத்துக்கொண்டிருக்க, ஏழுமலை மட்டும் திரும்பி வந்து படகில் ஏறும்போது அந்தப் பட்டியல் என்னவென்று கேட்டார். இந்த ஏரியில் எந்தக் குப்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அந்தச் சொல்லை வைத்தே அவருக்கு விளக்கினேன்.

"செத்தவரு பேர்ல பாடா?" என்று ஏழுமலை சிரித்துவிட்டார். மூத்தவரின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "வேண்டியவரா சார்?" என்றார் மெதுவாக.

"ஆமாம்."

ஏழுமலை வேறொன்றும் கேட்கவில்லை. கழியை எடுத்துக்கொண்டார். சற்று நேரத்தில் நீர்மேல் ஒரு சுருக்கம் ஓடிவந்தது. படகு அசைந்தது.

அடுத்த மாதமே ஹாஜிராவுக்குப் படிவம் போட்டோம். புதிதாகச் சேர்பவருக்குப் பழைய சுருள்களையும் ஒருமுறை ஓட்டித் தருவது வழக்கம். கட்டு வந்த அன்று நானே பிரித்தேன். மூன்றாவது தாளில் அது இருந்தது. வேறொரு கடற்கரையில், அதே இன மீனின் குஞ்சுகளில், யாரோ அதே கற்களை எண்ணியிருந்தார்கள். கீழே நான்கு வரிச் சுருக்கம். நீரில் உப்புக் குறையும் நாட்களில் வளையம் ஒழுங்காக விழுவதில்லை, நாளுக்கு ஒன்று என்று நம்பி எண்ணினால் கணக்குத் தவறும் என்று எழுதியிருந்தது.

எங்கள் ஏரியில் மழைக்காலம் முழுக்க உப்புக் குறைவு. அவள் இரண்டு பருவமாக எண்ணியது அத்தனையும் இப்போது கேள்விக்குறி. முதலிலேயே தெரிந்திருந்தால், குஞ்சுகளைத் தொட்டியில் வளர்த்து, வளையம் எப்படி விழுகிறது என்று பார்த்துவிட்டு எண்ணத் தொடங்கியிருப்பாள்.

அந்த விவரம் எந்தச் சுருளில் வந்தது என்று பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். அவள் முதன்முதலில் என்னிடம் வந்து கேட்ட ஆடிக்கு அடுத்த ஆவணிச் சுருளில்.

நிலைய இயக்குநரிடம் போனேன். நல்ல மனிதர். நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தாளைக் கொடுத்துடுங்க. எந்த மாசத்துச் சுருள்னு அந்தப் பொண்ணு பார்க்கப் போறதில்ல. சொல்லி என்ன ஆகப் போகுது? உங்களுக்கும் கெட்ட பேர், கூட்டுக்கும் கெட்ட பேர்."

அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனாலேயே அன்று முழுவதும் அலமாரிக்கும் மேசைக்குமாக நடந்தேன். யாருக்கும் பயனில்லாத உண்மை என்று ஒன்று இருக்கிறதா? எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தது இவ்வளவுதான்: என் பொய்க்கு விலை கொடுத்தவள் அவள். அது தன் துரதிர்ஷ்டம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தால், அது இன்னொரு பொய்.

மறுநாள் காலை லைட்ஹவுஸ் குப்பத்துக் கரையில் அவளைப் பிடித்தேன். வலை உலர்த்தியிருந்த மணலில் உட்கார்ந்து குஞ்சுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தாளைக் கொடுத்தேன். படித்தாள். பிறகு மற்றதையும் சொன்னேன். எட்டு வெற்றுப் பெயர்கள், என் அறிக்கை, ஆவணிச் சுருள் எல்லாவற்றையும்.

கையிலிருந்த குஞ்சை நீரில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள்.

"மொத மொத நான் கேட்டது ஆடி."

"ஆமா."

"ஒரு மாசம்." எடுத்த குஞ்சையும் நீரில் போட்டாள். "நீங்க சிரிச்சிக்கினே சொன்னீங்கக்கா, எடம் இல்லனு. நானும் சிரிச்சிக்கினே போனேன். எனக்கு ஞாபகம் கீது."

அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் துணியை உதறிச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனாள். மூன்று வாரம் நூலகப் பக்கம் வரவில்லை.

அந்த மூன்று வாரத்தில் இரண்டு கடிதங்கள் எழுதினேன். ஒன்று, நிதி தந்த குழுவுக்கு. என் இரண்டு அறிக்கைகளிலும் அந்த வரி பொய் என்று. கேட்காமலே மூத்தவரும் தன் பங்குக்கு ஒரு கடிதம் அனுப்பினார். குழு நிதியை நிறுத்தி வைத்தது. ஆறு மாதம் சுருள் வரவில்லை. அச்சுத்தாளை நம்பியிருந்த நல்ல ஆய்வாளர்களும் தவித்தார்கள். ஒரு நூலகர் என்னிடம் முகம்கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார். ஒருங்கிணைப்பு சென்னைக்குப் போயிற்று. மறுபடி தொடங்கியபோது, யாரும் பயன்படுத்தாத இடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொதுவுக்குத் திரும்ப வேண்டும் என்று விதி வைத்தார்கள். அதை எழுதியது நான். கீழே கையெழுத்து வேறொருவருடையது. அது சரிதான் என்று பட்டது.

இரண்டாவது கடிதம் நான் எதிர்பார்க்காதது. ஹாஜிராவின் வாப்பா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். கூடத்தில் அவர், உள்வாசல் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம். ஆய்வு முடிந்ததும் அவளுக்கு நிக்காஹ் என்று பேசி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு வருடம் பொறுத்திருந்தார்கள். இனியும் இரண்டு வருடம் என்றால் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"படிக்கத் தெரியாம இழுத்தடிக்குதுனு பேசிக்கிறாங்க" என்றார். "நீங்க சொல்லுங்கம்மா. தப்பு எம்பொண்ணு மேலயா?"

"இல்லைங்க. என் மேல."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "இப்ப சொன்னத அப்படியே எழுதித் தருவீங்களா? அவங்களாண்ட காட்டணும்."

தாளும் பேனாவும் வந்தன. நிலையத்தின் நூலகர் என்று என் பெயரைப் போட்டு, நடந்ததை ஒரு பக்கத்துக்கு எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "டீ சாப்பிட்டுப் போங்க" என்றார். என் வேலைக்காலத்தில் நான் எழுதிய அறிக்கைகளில் திருத்தமே தேவைப்படாதது அது ஒன்றுதான்.

மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கச் சம்மதித்தார்கள். கடிதத்தாலா, வேறு காரணத்தாலா என்று எனக்குத் தெரியாது.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கூட்டு உடைந்துவிடும் என்ற பயம் நியாயமானது. எனக்கும் இருந்தது, உங்களுக்கும் வரும். ஓர் உறுப்பினரின் பயன்பாடு பூஜ்யம் என்று திரை காட்டும்போது, உறவைக் காப்பாற்ற அதை வேறு சொல்லால் பூச விரல் துடிக்கும். அந்தப் பூஜ்யத்துக்கு அடியில் சில சமயம் பயம் இருக்கும், சில சமயம் ஒரு நண்பரின் சாவு இருக்கும். தொலைபேசியை எடுத்துக் கேளுங்கள். நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பெரியவர் அன்றே சொல்லியிருப்பார். சொல்வதற்கு ஆள் தேடிக்கொண்டுதான் இருந்தார்.

நான்காவது வாரம் ஹாஜிரா வந்தாள். கையில் ஒரு மரப்பெட்டி. உள்ளே நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடித் தகடுகள், ஒவ்வொன்றிலும் ஒட்டிய ஒரு கல். வணக்கம், நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

"தொட்டியில குஞ்சு வளக்கப் போறேன். பழைய கல்லையும் திரும்ப எண்ணணும்" என்றாள். "ரெண்டு பேரு தனித்தனியா எண்ணணும். ஒருத்தரு எண்ணுனது இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது. நீங்க எண்ணுவீங்களா?"

"எனக்கு மீனைப் பத்தி ஒண்ணும் தெரியாதே."

"அதான் வேணும். தெரிஞ்சவங்க எதிர்பாத்தத எண்ணுவாங்க."

அப்படி ஏறக்குறைய இரண்டு வருடம், நூலக வேலை முடிந்த மாலைகளில், நுண்ணோக்கியில் கண்ணை வைத்து உட்கார்ந்திருந்தேன். முதலில் ஒன்றும் தெரியாது. குவியத்தைத் திருப்பத் திருப்ப, பழுப்பு மூட்டத்திலிருந்து ஒரு வட்டம் எழும், அதைச் சுற்றி இன்னொன்று. எங்கள் இருவருக்கும் நடுவே பேச்சுக் குறைவு. ஜன்னலுக்கு வெளியே ஏரி நிறம் மாறிக்கொண்டிருக்கும். சில நாள் எண்ணிக்கொண்டே எங்கோ போய்விடுவேன். கடலில் பிறந்து, ஏரியின் வாய் தேடி, மணல் அடைத்த வாசலில் காத்துக் கிடந்த ஒரு குஞ்சின் நாட்களுக்குள் நானும் மிதப்பதுபோல் இருக்கும். எண்ணிக்கை தவறும். முதலிலிருந்து தொடங்குவேன்.

எண்ணிய பிறகு இருவர் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பெரும்பாலும் ஒத்துவரும். ஒரு கல்லுக்கு மட்டும் நான் பத்தொன்பது எழுதியிருந்தேன், அவள் இருபத்து மூன்று. மறுபடி தனித்தனியே எண்ணினோம். மறுபடியும் அதே வித்தியாசம்.

"என்னுதுதான் தப்பா இருக்கும். உன் எண்ணையே போட்டுடு" என்றேன்.

ஹாஜிரா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பதிவேட்டை இழுத்து, அந்தக் கல்லுக்கு நேரே பத்தொன்பது என்று எழுதினாள். பக்கத்தில் இருபத்து மூன்று என்று எழுதினாள்.

"ஒத்து வரலனு எழுதலாம்க்கா" என்றாள். "அடுத்தத வையுங்க."